பார்க்கில் போட்டும் கார் நகர்ந்தால்: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

ஆட்டோமேட்டிக் காரைப் பார்க்கில் (நிறுத்தி வைப்பதற்கான, லீவரில் P என்ற நிலை) போட்டு, சாவியை உருவிய பிறகும் அது நகர்கிறது என்று சொன்னால், ஒர்க் ஷாப்பில் பெரும்பாலும் வரும் முதல் பதில் "கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கணும்" என்பதுதான். எங்கள் வீட்டுக் காருக்கும் அதையே சொன்னார்கள். கடைசியில் இறக்க வேண்டிய தேவையே வரவில்லை. கோளாறு கியர்பாக்ஸுக்கு வெளியே, கேபிள் முனையில் இருந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் புஷ்ஷில் (இணைப்பு ஆடாமல் உள்ளே செருகுகிற வளையம்) இருந்தது. ரிவர்ஸ் லைட்டையும் காதையும் ஒரு ஸ்பேனரையும் வைத்தே அதைக் கண்டுபிடித்தோம். எதை முதலில் பார்த்தோம், எதை வைத்து எதைத் தள்ளினோம் என்று விவரமாக எழுதுகிறேன். மலையிலும் சரிவான தெருவிலும் கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கார் அப்பாவுடையது. குன்னூரில் எங்கள் வீட்டு வாசலே சரிவுதான். நீலகிரியில் சமதளத்தில் வாசல் அமைவது பெரிய பாக்கியம். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய செடான், முன்சக்கரம் இழுக்கிற வண்டி, டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) வைத்த பழைய பாணி ஆட்டோமேட்டிக். ஒரு நாள் அப்பா போனில், "பார்க்குல போட்டு ஆஃப் பண்ணிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், வண்டி இறங்குதுப்பா" என்றார். கால் பெடலுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் உடனே மிதித்துவிட்டார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின் டயருக்குக் கீழே கல் வைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்திருக்கிறார்.

"சத்தம் ஏதாவது வந்துதாப்பா?" என்றுதான் முதலில் கேட்டேன். எதுவும் கேட்கவில்லை என்றார். அந்த ஒரு பதில்தான் பாதி வேலையை முடித்தது. ஏன் என்று புரிய, பார்க்கில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பார்க்குக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமே கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டோடு ஒரு பல்சக்கரமும் சேர்ந்து சுற்றும். அதை ஒட்டி ஓர் இரும்புக் கொக்கி இருக்கும். மெக்கானிக்குகள் பொதுவாகப் பார்க்கிங் லாக் என்பார்கள். லீவரைப் பார்க்குக்குத் தள்ளியதும் உள்ளே ஒரு கம்பி நகர்ந்து, அதன் முனையில் உள்ள கூம்பு அந்தக் கொக்கியை அழுத்தி இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இறக்குகிறது. கொக்கி நேராகப் பல்லின் மேலேயே வந்து உட்கார்ந்தால், ஸ்பிரிங் அதை அழுத்திக்கொண்டே காத்திருக்கும்; வண்டி கொஞ்சம் அசைந்து அடுத்த பள்ளம் வந்ததும் கொக்கி விழுந்துவிடும். அதனால்தான் நல்ல காரும்கூடப் பார்க்கில் போட்ட பிறகு கொஞ்சம் நகர்ந்து நிற்கிறது. அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி 114 இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: 10 சதவீதச் சரிவில், பார்க்கில் பூட்டிய கார் 150 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. ஒரு சாணில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அந்த அளவுக்குள் நகர்ந்து "டக்" என்று நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால்தான் கோளாறு.

நாம் கையில் பிடிக்கும் லீவருக்கும் அந்தக் கொக்கிக்கும் நடுவே நிறைய இருக்கிறது. லீவரிலிருந்து ஒரு கேபிள் கியர்பாக்ஸுக்குப் போகிறது. அங்கே வெளியே ஒரு சின்னக் கை இருக்கிறது, கேபிள் அதைத் திருப்புகிறது. அந்தக் கை உள்ளே பல் வெட்டிய தட்டைத் திருப்ப, தட்டு கம்பியைத் தள்ள, கம்பி கொக்கியைத் தள்ளுகிறது. கொக்கி பிடித்த பிறகும் அந்தப் பிடி டிஃபரன்ஷியல் (சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது) வழியாக, இரண்டு டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்துக்குப் போகும் தண்டு) வழியாகச் சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இதில் எந்த இடம் அறுந்தாலும் கார் நகரும். லீவர் மட்டும் பார்க்கில் கம்பீரமாக நின்றுகொண்டிருக்கும்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். கொக்கி பல்லைத் தொட்டும் பிடிக்க முடியாமல் தாவித் தாவிப் போனால் "டகடகடக" என்று கரகரப்பான சத்தம் வரும், பெடல் மிதிக்காமல் சைக்கிளை முன்னால் உருட்டினால் ஃப்ரீவீலில் வருகிற மாதிரி, ஆனால் அதைவிடக் கனமாக. அந்தச் சத்தத்தோடு வண்டி உருண்டால் கேபிள் வேலை செய்கிறது, கொக்கியும் இறங்கப் பார்க்கிறது, பல்லோ கொக்கி முனையோ தேய்ந்திருக்கலாம் என்று அர்த்தம். உருளும் வேகம் அதிகமாக இருந்தாலும் இதே சத்தம்தான் வரும். வண்டி கிட்டத்தட்ட நின்ற நிலையில்தான் கொக்கி பிடிக்கும், அதற்கு மேல் வேகத்தில் அது விழாதபடிதான் பல்லின் வடிவமே இருக்கும். சத்தமே இல்லாமல் உருண்டால் கொக்கி பல்லின் பக்கமே போகவில்லை, அல்லது கொக்கி பிடித்தும் அந்தப் பிடி சக்கரத்துக்கு வந்து சேரவில்லை. எங்கள் கார் சத்தமில்லாமல் உருண்டது. கார் அதற்கு முன் ஒழுங்காக ஓடிக்கொண்டும் இருந்தது. டிரைவ் ஷாஃப்ட் உடைந்தோ கழன்றோ இருந்தால் டிரைவில் போட்டாலும் கார் நகராது, எஞ்சின் மட்டும் உறுமும். ஓடுகிற கார் பார்க்கில் மட்டும் சத்தமின்றி நழுவுகிறது என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் போக வேண்டும்.

இன்னொரு தடயமும் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே சில நாள் காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சத்தமே வராது. லீவரை இரண்டு முறை முன்னும் பின்னும் ஆட்டினால் எடுத்துவிடும். அங்கே ஒரு எலக்ட்ரீஷியன் பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்து கொடுத்தார், கொஞ்ச நாள் சரியாக இருந்தது போல் தெரிந்தது. ஆட்டோமேட்டிக் காரில் கியர்பாக்ஸ் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். அதைச் சொல்லும் ஸ்விட்ச் பெரும்பாலான கார்களில் கியர்பாக்ஸின் மேலேயே இருக்கிறது. "பார்க்கில் ஸ்டார்ட் ஆகவில்லை, லீவரை ஆட்டினால் ஆகிறது" என்றால் லீவர் சொல்வதும் கியர்பாக்ஸ் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. இந்த அறிகுறியை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உருள்வதற்கு முன்னால் கார் கொடுக்கிற எச்சரிக்கை இது.

அங்கே முதலில் பார்த்த ஒர்க் ஷாப்பில் கியர் ஆயிலை மாற்றிப் பார்க்கலாம், இல்லையென்றால் கியர்பாக்ஸை இறக்கிவிடலாம் என்றார்கள். ஆயில் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. கேபிள் வைத்த கியர்பாக்ஸில் பார்க் முழுக்க முழுக்க இரும்பும் ஸ்பிரிங்கும் செய்கிற வேலை. எஞ்சின் நின்ற பிறகு ஆயில் பிரஷரே இருக்காது, அப்போதும் அது பிடிக்க வேண்டும். ஆயிலை மாற்றினால் கியர் விழுவது மென்மையாகலாம். பார்க் பிடிக்காத காரைப் பிடிக்க வைக்காது. இறக்குவதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கோயம்புத்தூரில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலையிலேயே தலை நரைத்த ஒரு மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். "தம்பி, இறக்கறது கடைசிங்க. மொதல்ல வெளிய இருக்கறதப் பாப்போம். நான் மேல வர்றேன், நீங்க சமமான இடம் ஒண்ணு பாத்து வைங்க" என்றார்.

சமமான இடம் என்று அவர் கேட்டது சும்மா இல்லை. பார்க் பிடிக்காத காரைச் சரிவில் வைத்துச் சோதிக்கவே கூடாது. அடியில் படுக்கவும் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, டயரிலிருந்து ஒரு முழ தூரத்தில் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்தோம். எஞ்சின் ஆஃப், லீவர் பார்க்கில், ஹேண்ட் பிரேக் விட்டாச்சு. இரண்டு பேர் தள்ளினோம். வண்டி சுகமாகப் போய்க் கட்டையில் முட்டி நின்றது. சத்தம் இல்லை. அப்பா சொன்னது அப்படியே உறுதியானது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. கட்டைகளை டயரை ஒட்டி நகர்த்திவிட்டு, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பச் சொன்னார், எஞ்சினை எடுக்கவில்லை. லீவர் பார்க்கில் இருந்தது. என்னைக் காருக்குப் பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னார். ரிவர்ஸ் லைட் எரிந்துகொண்டிருந்தது. லீவர் பார்க்கில், ரிவர்ஸ் லைட் எரிகிறது! அந்த லைட்டுக்கான ஸ்விட்ச் இந்தக் காரில் கியர்பாக்ஸின் மேல் இருக்கிறது, லீவரில் இல்லை. ஆக, கியர்பாக்ஸைப் பொறுத்தவரை வண்டி இன்னும் ரிவர்ஸில்தான் இருந்தது. எஞ்சின் நின்ற டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் ரிவர்ஸும் நியூட்ரலும் ஒன்றுதான், எதுவும் பிடிக்காது. அதைவிட ஆபத்தானது இன்னொன்று: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இதே நிலையில் இறங்கிப்போய் கேட்டைத் திறந்தால், ஆளில்லாத கார் தானாகப் பின்னால் போகும்.

சாவி எப்படிக் கழன்று வந்தது என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பார்க்கில் இல்லாவிட்டால் சாவி வராது என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். ஆனால் சாவியைப் பிடித்து வைக்கும் பூட்டு லீவரின் நிலையைத்தான் பார்க்கிறது. லீவர் பார்க்குக்கு வந்துவிட்டால் சாவியை விட்டுவிடும். கியர்பாக்ஸுக்குள் கொக்கி விழுந்ததா என்று அதற்குத் தெரியாது.

பானெட்டைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, அதன் தட்டையும் எடுத்த பிறகு கியர்பாக்ஸ் மேலிருக்கும் அந்தச் சின்னக் கை கண்ணில் பட்டது. முன்சக்கர வண்டிகள் பலவற்றில் அது ஏர் ஃபில்டர் பெட்டிக்கோ பேட்டரிக்கோ கீழே ஒளிந்திருக்கும். பின்சக்கரம் ஓடும் பெரிய வண்டிகளில் அடியில், கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும். நான் உள்ளே உட்கார்ந்து லீவரை மெதுவாக நகர்த்தினேன், அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். கேபிள் முனை நகர்கிறது, கை உடனே நகரவில்லை. கொஞ்சம் தாமதித்துத்தான் நகர்கிறது. கேபிள் முனையின் வளையத்துக்குள் இருக்க வேண்டிய புஷ் பாதி பொடிந்து போயிருந்தது. அந்த இடைவெளியால் லீவர் கடைசிப் படிக்குப் போனாலும் கை ஒரு படி பின்தங்கி நின்றது.

அதைப் பார்த்ததும் அவர் நிறுத்திவிடவில்லை. அது எனக்குப் பெரிய பாடம். புஷ் போயிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் உள்ளேயும் ஏதாவது போயிருக்கலாமே? கேபிளை அந்தச் சின்னக் கையிலிருந்து கழற்றினார். ஸ்பேனரை வைத்துக் கையைக் கடைசி வரை திருப்பினார். ஒவ்வொரு படிக்கும் "டிக்" என்று தெளிவாக விழுந்தது, கடைசியில் பார்க். கட்டைகளை மறுபடி தள்ளி வைத்துவிட்டு வண்டியைத் தள்ளினோம். சிறிது அசைந்து, "டக்" என்று நின்றது. முன்னால், பின்னால், இரண்டு பக்கமும். கொக்கியும் பல்லும் நன்றாக இருக்கின்றன என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. கேபிளைக் கழற்றிக் கையால் பார்க்குக்குக் கொண்டுபோனால் பிடிக்கிறதா, இல்லையா? வெளிக்கோளாறையும் உள்கோளாறையும் பிரிக்கிற கோடு இதுதான். கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறவரிடம் இந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று தைரியமாகக் கேளுங்கள்.

இந்த புஷ் விஷயம் எங்கள் காருக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல. 2022 ஜூனில் ஃபோர்டு அமெரிக்காவில் சுமார் 29 லட்சம் கார்களை இதே காரணத்துக்காகத் திரும்ப அழைத்தது: கேபிளைக் கியர்பாக்ஸோடு சேர்க்கிற புஷ் சிதைந்தோ கழன்றோ போகலாம், ஓட்டுநர் பார்க்கில் போட்டதாக நினைத்த கார் வேறு கியரில் இருக்கலாம் என்று. வெப்பமும் ஈரப்பதமும் அந்தப் பொருளைச் சிதைக்கின்றன என்பதும் அப்போது பேசப்பட்டது. புது புஷ்ஷோடு அதன் மேல் ஒரு மூடியும் போட்டுக் கொடுத்தார்கள். மலையேறி எஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஓடி, மழை மாதங்களில் ஈரத்தில் ஊறும் எங்கள் ஊர்க் கார்களுக்கு இதை எண்ணிப் பார்க்கச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் காருக்கு புஷ் தனியாகக் கிடைக்கவில்லை, முழு கேபிளாகத்தான் தருவோம் என்றார்கள். லேத்தில் கொடுத்து நைலானில் கடைந்து போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கோயம்புத்தூரில் அது பெரிய வேலையும் இல்லை. ஆனாலும் முழு கேபிளையே மாற்றினோம். கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கச் சொன்ன தொகையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. கேபிள் டையோ கட்டுக்கம்பியோ வைத்து இறுக்கி ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒர்க் ஷாப் வரை கொண்டுபோக வேறு வழியே இல்லையென்றால் சரி. அதோடு மாதக்கணக்கில் ஓட்டுவது கூடவே கூடாது. கட்டு எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது.

கேபிளை மாற்றியதும் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், இதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். சில கார்களில் லீவரையும் கியர்பாக்ஸ் கையையும் நியூட்ரலில் வைத்து நட்டை இறுக்க வேண்டும், சிலவற்றில் பார்க்கில் வைத்து. அந்தந்த காரின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் சட்டம். இறுக்கிய பிறகு பழைய சோதனைகளையே வரிசையாக மறுபடி செய்தோம்: ரிவர்ஸ் லைட் ரிவர்ஸில் மட்டும் எரிகிறதா, செல்ஃப் பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் எடுக்கிறதா, தள்ளினால் நிற்கிறதா. எல்லாம் சரியான பிறகுதான், காலைப் பிரேக்குக்கு மேலேயே வைத்துக்கொண்டு, சரிவில் பார்த்தோம்.

கையால் பார்க்குக்குக் கொண்டுபோயும் பிடிக்கவில்லை என்றிருந்தால்? அப்போதும் இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை உண்டு. சஸ்பென்ஷன் வேலை செய்த பிறகு கார் நகரவும் இல்லை, பார்க்கில் நிற்கவும் இல்லை என்றால் டிரைவ் ஷாஃப்ட் முழுதாக உள்ளே உட்காரவில்லையா என்று பார்க்க வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பக்க ஷாஃப்ட் விட்டாலே பார்க்கின் பிடி போய்விடும். தனி டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) லீவரோ நாப்போ உள்ள ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அது நியூட்ரலுக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். கொக்கி கியர்பாக்ஸுக்குள், டிரான்ஸ்ஃபர் கேஸ் அதற்குப் பின்னால்; நடுவே நியூட்ரல் விழுந்தால் பார்க் எதையும் பிடிக்காது. எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) உட்கார்ந்து போனால் கேபிளின் நீளக் கணக்கே மாறிவிடும். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் உள்ளே கொக்கி, ஸ்பிரிங், பல் என்று போக வேண்டும். பட்டனையோ டயலையோ திருப்பிப் பார்க் போடுகிற புதிய கார்களில் பொதுவாகக் கேபிளே இல்லை, பலவற்றில் மோட்டார்தான் கொக்கியை இறக்குகிறது. அங்கே ஸ்கேனர் இல்லாமல் முடியாது.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2014-இல் மாருதியின் செலெரியோவில் தொடங்கி இங்கே நிறைய விற்ற ஏஎம்டி கார்களில் பொதுவாகப் பார்க்கே கிடையாது. ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் அவ்வளவுதான். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், கிளச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் காரே செய்கிறது. அதை நியூட்ரலில் போட்டுவிட்டு, ஆட்டோமேட்டிக் தானே என்று இறங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க் உள்ள காரை முன்பு ஓட்டியவர்களுக்கு இந்தப் பழக்கம் எளிதில் வரும். அதில் ஹேண்ட் பிரேக் கட்டாயம், கூடவே மேனுவலில் சொல்கிறபடி கியரிலும் விட வேண்டும்.

அந்த மெக்கானிக் கிளம்புவதற்கு முன் அப்பாவிடம் நிறுத்தும் வரிசையைச் சொல்லிவிட்டுப் போனார். வயதில் மூத்தவர் என்பதால் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "ஐயா, பிரேக்கை மிதிச்சு நிறுத்துங்க, நியூட்ரலுக்குக் கொண்டாங்க, ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க, காலை மெதுவா எடுத்து வண்டி அதுல உக்காருதான்னு பாருங்க. அப்புறம் மறுபடி மிதிச்சுப் பார்க்குல போடுங்க." இந்த வரிசையில் வண்டியின் எடை ஹேண்ட் பிரேக்கின் மேல் விழுகிறது, கொக்கி துணைக்கு மட்டும் நிற்கிறது. வரிசை மாறினால் முழு எடையும் கொக்கியின் மேல்தான். மறுநாள் காலையில் லீவரைப் பார்க்கிலிருந்து எடுக்கும்போது கடினமாக இருந்து, "டங்" என்று அடித்துக்கொண்டு வருவது அதனால்தான்.

டயர் மாற்றும்போதும் பார்க்கை நம்ப வேண்டாம். முன்சக்கர வண்டியில் ஒரு முன் டயரை ஜாக்கியில் தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் அந்தரத்தில் சுற்ற, தரையில் இருக்கும் மறு சக்கரம் எதிர்ப்பக்கம் உருளலாம். கொக்கி நன்றாகவே பிடித்திருக்கும், டிஃபரன்ஷியல் வழிவிட்டுவிடும். ஸ்டெப்னியை எடுப்பதற்கு முன்பே ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வைத்துவிடுங்கள். எங்கள் கார் டிக்கியில் இப்போது ஸ்டெப்னிக்குப் பக்கத்திலேயே இரண்டு ஜோடி மரக்கட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொரு சர்வீஸிலும் பேட்டரித் தட்டைக் கழற்றி புஷ்ஷைப் பார்க்கச் சொல்லி ஜாப் கார்டில் எழுதிவிடுகிறோம்.